கையும் மூளையும் சேர்ந்த படிப்பு

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இங்கு நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், மெக்கானிக்கல் எஞ்சினீரிங் என்னும் இயந்திரக் கல்வியில் ஒரு பிரிவாக ஏற்பட்ட "பொருள் வடிவமைப்பு" என்கின்ற மேல்படிப்பைப் பற்றியதாகும். இதைக் கேட்டவுடனேயே சில தோழர்களுக்கு, "இதென்ன, சுயமரியாதைக் கூட்டத்தில் காலேஜ் படிப்பைப் பற்றிய பேச்சு? சாமி, சாஸ்திரம், ஜாதி இவைகளைப் பற்றிப் பேசாமல் பம்பும் சக்கரமும் எதற்கு?" என்று தோன்றலாம். ஆனால் நம் தேசத்தில் ஜாதி என்பது கோவில் வாசலிலும் சாப்பாட்டுப் பந்தியிலும் மாத்திரம் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. அது சம்மட்டியிலும் இருக்கிறது; உளியிலும் இருக்கிறது; கூடையிலும் துடைப்பத்திலும் இருக்கிறது. எந்தச் சாமானை எவன் தொட வேண்டும், எவன் தொடக் கூடாது என்பதுதானே ஜாதியின் பாதிக் கதை! ஆதலால் சாமான்களை எப்படிச் செய்வது, யாருக்காகச் செய்வது, யார் யோசித்துச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கும் ஒரு படிப்பு நம்முடைய கவனத்திற்கு மிகவும் உரியது என்பதே நமது அபிப்பிராயம்.

நாம் சொல்லுவதற்காக நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. சொல்லுகிற சங்கதிகளை உங்கள் புத்தியில் போட்டு நிறுத்துப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

இது என்ன படிப்பு?

சாதாரணமாக எஞ்சினீரிங் காலேஜில் ஒரு மாணவனுக்குக் கணக்கு கொடுப்பார்கள். இத்தனை அடி ஆழத்திலிருந்து இவ்வளவு தண்ணீர் ஏற வேண்டும், அதற்குத் தண்டு எவ்வளவு கனம், குழாய் எவ்வளவு அகலம் என்று கேட்பார்கள். அவன் கணக்குப் போட்டு விடை சொல்லுவான். விடை சரியாயிருந்தால் மார்க்கு. அந்தப் பம்பை அடிக்கப் போகிறவள் யார், அவள் உயரம் என்ன, இடுப்பில் குழந்தையோடு வருகிறாளா, ஒரு நாளைக்கு எத்தனை பேர் அடிப்பார்கள், கெட்டுப்போனால் ரிப்பேர் செய்ய அந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்கின்ற கேள்விகளை அவனும் கேட்பதில்லை, அவனுடைய உபாத்தியாயரும் கேட்பதில்லை. இவைகளையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு கணக்குப் போட்டு, அதன் பிறகு தன் கையாலேயே ஒரு மாதிரி செய்து, அதை உபயோகிக்கிறவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்து, தப்பு கண்ட இடத்தைத் திருத்தி, மறுபடியும் செய்வதற்குக் கற்றுக்கொடுப்பதுதான் பொருள் வடிவமைப்பு என்னும் படிப்பு.

இது வீண் பேச்சல்ல என்பதற்கு நம் கிராமங்களில் நிற்கும் கைப்பம்பே சாட்சி. 50, 60 வருடங்களுக்கு முன் நம் தேசத்துக் கிராமங்களில் வைத்த கைப்பம்புகள், மேல்நாட்டில் ஒரு பண்ணைவீட்டுக் குடும்பம் தன் உபயோகத்திற்கு வைத்துக்கொள்ளும் வார்ப்பிரும்புப் பம்பைப் பார்த்துச் செய்த நகல்களாகும். அங்கே ஒரு வீட்டார் ஒரு நாளைக்கு நாலு தடவை அடிப்பார்கள். இங்கேயோ ஒரு ஊரே விடிந்தது முதல் இருட்டும் வரை அடித்தது. பம்பு என்ன செய்யும்? உடைந்துபோயிற்று. உடனே நம் அதிகாரிகள் சொன்னது என்னவென்றால், "ஜனங்களுக்கு உபயோகிக்கத் தெரியவில்லை" என்பதாகும். 1970களில்தான் சிலர் இதைத் திருப்பிப் பார்த்தார்கள். ஜனங்கள் அடிக்கிற விதத்தைத் தப்பு என்று சொல்லாமல், அந்த அடிக்குத் தாங்காத பம்புதான் தப்பு என்று வைத்துக்கொண்டு யோசித்தார்கள். சோலாப்பூரில் செய்யப்பட்ட ஒரு நல்ல பம்பை ஆதாரமாகக் கொண்டு, கோயம்புத்தூர் ஜில்லாவில் சோதித்துப் பார்த்து, சென்னைத் தொழிற்சாலையில் செய்ததுதான் "இந்தியா மார்க் 2" என்னும் பம்பு. பிறகு அது ஆப்பிரிக்கா தேசங்கள் வரையில் போயிற்று. குற்றம் ஜனங்களிடத்திலா, செய்த சாமானிலா என்று திருப்பிக் கேட்கிற அந்த ஒரு கேள்விதான் இந்தப் படிப்பின் அஸ்திவாரம்.

ஏற்பட்ட விதம்

இந்தப் படிப்பு எங்கே, எப்படி ஏற்பட்டது என்பதைச் சற்று சொல்லுகிறோம். அமெரிக்காவில் ஜான் ஆர்னால்டு என்று ஒருவர் இருந்தார். அவர் முதலில் படித்தது மனோதத்துவ சாஸ்திரம். பிறகு படித்தது இயந்திர எஞ்சினீரிங். மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராயிருந்தபோது, தம்முடைய மாணவர்களிடம் அவர் ஒரு குறையைக் கண்டார். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், ஆனால் எதைச் செய்யச் சொன்னாலும் முன்னே இருப்பதையே கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ செய்துகொண்டு வந்தார்கள். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்றால், "இப்படித்தான் செய்வது வழக்கம்" என்றார்கள். தோழர்களே! இந்தப் பதிலை எங்கேயாவது கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் வீட்டுப் பெரியவர்களும் ஊர்ப் புரோகிதரும் சொல்லும் அதே பதில், அமெரிக்கா எஞ்சினீரிங் காலேஜிலும் இருந்திருக்கிறது!

அதற்கு ஆர்னால்டு 1950களின் தொடக்கத்தில் ஒரு வேடிக்கையான வைத்தியம் கண்டுபிடித்தார். ஆகாயத்தில் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் ஒரு கிரகத்தைக் கற்பனை செய்தார். அங்கே பூமியைவிட 11 மடங்கு ஈர்ப்பு. அங்கே வசிப்பவர்கள் பறவை போன்றவர்கள், முட்டையிலிருந்து பிறப்பவர்கள், கைக்கு மூன்று விரல், எதையும் மெதுவாகத்தான் செய்வார்கள். "இவர்களுக்கு ஒரு மோட்டார் வண்டி செய்து கொடுங்கள்; வீட்டுச் சாமான் செய்து கொடுங்கள்" என்று மாணவர்களுக்குக் கட்டளையிட்டார். பிள்ளைகள் விழித்தார்கள். மூன்று விரலுக்கு நமது ஸ்டியரிங் உதவாது. மெதுவாக அசைகிறவனுக்கு நமது வேகம் உதவாது. பழைய வண்டியைப் பார்த்து நகல் செய்ய வழியே இல்லை. உபயோகிக்கிறவன் யார் என்பதிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் புதிதாக யோசிக்க வேண்டியதாயிற்று. அதுதான் அவருக்கு வேண்டியது. இல்லாத கிரகத்தில் பழகியவன் பூமிக்குத் திரும்பி வந்தால், "இங்கே இருப்பதும் ஏன் இப்படியே இருக்க வேண்டும்?" என்று கேட்பான் அல்லவா?

நம்முடைய புராணக்காரர்களும் மூன்று கண், நாலு கை, ஆயிரம் தலை என்று வேண்டிய மட்டும் கற்பனை செய்தவர்கள்தான். அதில் நாம் யாருக்கும் இளைத்தவர்களல்ல. ஆனால் அந்தக் கற்பனையைக் கண்டு நம்மவர்கள் செய்தது கன்னத்தில் போட்டுக்கொண்டதுதான். அவர்கள் மூன்று விரல் மனிதனைக் கற்பனை செய்து அவனுக்கு ஏற்ற வண்டியை யோசித்தார்கள். நாமோ நாலு கைச் சாமியைக் கற்பனை செய்து, இரண்டு கை மனிதனை அதன் காலில் விழச் செய்தோம்!

தாய்மார்களுக்கு விளங்கும்படி இன்னொன்று சொல்லுகிறோம். ஆட்டுக்கல்லில் கல் அசையாமல் இருக்கும். நீங்கள் குழவியைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்று போவீர்கள். எத்தனை நூறு வருடம் இப்படி ஆட்டினீர்களோ யாருக்குத் தெரியும்? பெண் ஜென்மம் என்றால் ஆட்டுவதற்கும் அரைப்பதற்கும்தான் என்று சொன்னார்களே ஒழிய, அந்தக் கல்லைப் பார்த்து எந்த ரிஷியாவது ஒரு கேள்வி கேட்டதுண்டா? 1950களில் கோயம்புத்தூரில் ஒருவர் இதற்கு மோட்டார் வைத்து கிரைண்டர் செய்தார். அதில் நடப்பதென்ன? குழவி ஓரிடத்தில் நிற்கிறது, கல் சுற்றுகிறது. எது சுற்ற வேண்டும், எது நிற்க வேண்டும் என்கின்ற வழக்கத்தை மாற்றியவுடன் வேலை இயந்திரத்தின் தலையில் போயிற்று, தோள் தப்பியது. ஆர்னால்டு சொல்லிக்கொடுக்க நினைத்தது இதைத்தான்.

இரண்டு இலாகாவும் ஒரு பட்டறையும்

1957ல் ஆர்னால்டு கலிபோர்னியா மாகாணத்திலுள்ள ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக்கு வந்தார். 1958ல் அங்கே இயந்திர எஞ்சினீரிங் இலாகாவும் சித்திரக்கலை இலாகாவும் கூடி ஒரு மேல்படிப்பை ஏற்படுத்தின. ராபர்ட் மக்கிம் என்பவர் அதைப் பல வருடம் நடத்தி வளர்த்தார். ஆர்னால்டு 1963லேயே இறந்துபோனார். ஆனால் படிப்பு நின்றுவிடவில்லை. பிற்காலத்தில் அதன் பெயரும் அமைப்பும் மாறிவந்திருக்கின்றன என்றாலும், அதன் வழி பல தேசங்களுக்கும் பரவியிருக்கிறது.

அந்தப் படிப்பில் சேருகிறவன் ஒரு பக்கம் இரும்பின் பலத்தையும் இயந்திரத்தின் அசைவையும் படிக்க வேண்டும். இன்னொரு பக்கம் சித்திரம் போடக் கற்க வேண்டும். மக்கிம் சொல்லிவந்தது என்னவென்றால், மனிதன் வார்த்தையால் மாத்திரம் யோசிப்பதில்லை, கண்ணாலும் படத்தாலும் யோசிக்கிறான் என்பதாகும். ஆகவே மனதில் தோன்றியதை உடனே படமாகப் போட்டுப் பார்ப்பது ஒரு யோசிக்கும் முறையாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டது. அதோடு, சாமானைச் செய்வதற்கு முன் ஜனங்களின் தேவை என்னவென்று தேடிக் கண்டுபிடிப்பதற்கும் தனிப் பாடம் ஏற்பட்டது. மூன்றாவதாக, பட்டறையில் போய் மரத்தையும் உலோகத்தையும் தன் கையால் அறுத்து, கடைந்து, வார்த்து, ஒட்டி ஒரு மாதிரி செய்ய வேண்டும்.

இதில் சுயமரியாதைக்காரர் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்றிருக்கிறது. பட்டறையில் பெரியவர் சொன்னார் என்பதும், புத்தகத்தில் போட்டிருக்கிறது என்பதும் செல்லாது. மாதிரியைச் செய்து மேஜைமேல் வைத்தால் அது நிற்க வேண்டும், நிற்காவிட்டால் விழும். விழுந்த சாமானுக்கு எந்தச் சாஸ்திரமும் முட்டுக் கொடுக்க முடியாது. ஆசிரியர் நல்லது என்று சொன்ன மாதிரி உடைந்து, மாணவன் செய்த மாதிரி நின்றால், மாணவன் கட்சிதான் ஜெயம். இதைவிடப் பெரிய பகுத்தறிவுப் பள்ளிக்கூடம் வேறு எங்கே இருக்கிறது?

அங்கே படித்தவர்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லுகிறோம். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கையால் நகர்த்துகிறார்களே, மவுஸ், அதை முதலில் செய்தவர்கள் வேறு நிபுணர்கள். ஆனால் அதன் விலை அதிகம். சீக்கிரம் கெட்டும் போகும். 1980ல் ஆப்பிள் கம்பெனிக்காக அதை மலிவாகச் செய்யும் வேலை, ஸ்டான்போர்டில் இந்த வடிவமைப்பைப் படித்துவிட்டுச் சிறு கம்பெனி வைத்திருந்த ஹோவி, கெல்லி என்கின்ற இருவர் கூட்டத்தாரிடம் வந்தது. 300 டாலர் சாமானை 15 டாலருக்குள் செய்ய வேண்டும் என்று கேட்டதாக ஹோவி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர் உடனே செய்தது என்ன தெரியுமா? கடைக்குப் போய், கக்கத்தில் தடவுகிற வாசனை மருந்துப் புட்டிகளையும் ஒரு வெண்ணெய்க் கிண்ணத்தையும் வாங்கிவந்து, புட்டியின் வாயில் உருளுகிற பந்தைப் பிடுங்கி, கிண்ணத்திற்குள் வைத்து உருட்டிப் பார்த்தார். நம் ஊர்ச் சைக்கிள் கடைப் பையன் செய்கிற வேலைதான் இது. அங்கே அதற்குச் சர்வகலாசாலையில் இடமும் பட்டமும் உண்டு. இங்கே "குரங்கு வேலை செய்யாதே, போய்ப் படி" என்று முதுகில் இரண்டு அடி!

நமது தேசத்தில்

ஏன் இந்த வித்தியாசம்? நமக்குப் புத்தி குறைவா? இல்லவே இல்லை. 1958ல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்கின்ற அமெரிக்கத் தம்பதிகளை இந்தியா சர்க்கார் வரவழைத்து, இங்கே வடிவமைப்புக் கல்வியை எப்படி ஏற்படுத்தலாம் என்று கேட்டது. அவர்கள் தேசமெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கையில் மிகவும் புகழ்ந்தது அரண்மனையையும் கோபுரத்தையும் அல்ல. நம் வீட்டுச் செம்பை! தண்ணீர் மொள்ளவும், ஊற்றவும், தூக்கவும், கழுவவும், தலையிலும் இடுப்பிலும் வைக்கவும் எவ்வளவு யோசனையோடு அது வளர்ந்திருக்கிறது என்று வியந்தார்கள். அந்தச் செம்பின் வாயை இந்த அளவு குறுக்கியவன் யார்? வயிற்றை இந்த அளவு அகட்டியவன் யார்? தலைமுறை தலைமுறையாகத் தட்டிய கன்னார்கள். பானை வனைந்த குயவர்கள். மொண்டு பார்த்துக் குறை சொன்ன பெண்கள். இவர்களில் ஒருவர் பெயராவது எந்தப் புராணத்திலாவது உண்டா? கேட்டால் விசுவகர்மா செய்தான், மயன் செய்தான் என்பார்கள். செய்தவனுக்குச் சூத்திரன் என்று பெயர். செய்யாத சாமிக்கு நிபுணன் என்று பெயர்!

வருடத்திற்கு ஒரு நாள் ஆயுத பூஜை என்று உளிக்கும் அரிவாளுக்கும் சந்தனம் பூசுகிறோம். அந்த உளியைப் பிடித்தவனுக்கு வருடம் முழுதும் என்ன மரியாதை கொடுத்தோம்? ஆயுதத்தைக் கும்பிட்டு, ஆயுதம் பிடித்த கையைத் தள்ளிவைத்த ஜனசமூகம் எப்படிப் புதுச் சாமான் காணும்? படித்தவன் கையில் அழுக்குப்படக் கூடாது என்றும், அழுக்குப்பட்டவன் படிக்கக் கூடாது என்றும் செய்துவிட்டார்கள். கையைத் தனியாகவும் மூளையைத் தனியாகவும் வெட்டி வைத்துவிட்டு, உடம்பு ஏன் நடக்கவில்லை என்று கேட்கிறோம்.

ஜெய்ப்பூரில் ஒரு கால்

வெட்டியதை ஒட்டவைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் தேசத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. 1960களின் கடைசியில் ஜெய்ப்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சேத்தி என்னும் ரண வைத்தியரும், ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேர்ந்து செயற்கைக் கால் ஒன்று செய்தார்கள். இந்த ராம் சந்திரர் பள்ளிக்கூடத்துப் படிப்பு அதிகமில்லாதவர்; சிற்ப வேலையில் கைதேர்ந்தவர். அதுவரையில் மேல்நாட்டிலிருந்து வந்த செயற்கைப் பாதம் எப்படிப்பட்டது? பூட்ஸ் போட்டுத்தான் நடக்க வேண்டும். மேல்நாட்டான் நாற்காலியில் உட்காருகிறவன், பூட்ஸோடு நடக்கிறவன். நம் குடியானவனோ வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவன், குந்தி உட்காருகிறவன், தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவன். அந்தக் காலை வாங்கிக்கொண்டு போனவர்கள் மூலையில் போட்டுவிட்டு ஊன்றுகோலையே பிடித்தார்கள். இங்கேயும் "நோயாளிகளுக்கு உபயோகிக்கத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. லாரி டயருக்குப் போடும் ரப்பரை வேகவைத்து, மடங்கும் தன்மையுள்ள பாதத்தைச் செய்தார்கள். அதைக் கட்டிக்கொண்டவன் குந்தினான், வயலில் இறங்கினான், மரமும் ஏறினான்.

இந்த வேலைக்காக 1981ல் மகசேசே பரிசு வந்தது. யாருக்கு? டாக்டருக்கு. டாக்டர் அதற்குத் தகுதியற்றவர் என்று நாம் சொல்லவில்லை. அவர் தாராளமாகத் தகுதியுள்ளவர். ஆனால் ரப்பரில் கை வைத்தவர் பெயரை உலகம் தெரிந்துகொள்ள எத்தனை காலமாயிற்று என்பதைத்தான் யோசித்துப் பாருங்கள்.

இதன் பிறகு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. பாதம் கிடைத்தது, முழங்காலுக்கு மேல் வெட்டுண்டவனுக்கு முழங்கால் மூட்டு வேண்டுமே? நல்ல மூட்டு ஆயிரக்கணக்கான டாலர் விலை. மலிவான மூட்டோ, ஒரே அச்சில் மடங்கித் திடீரென்று ஆளைக் கீழே தள்ளிவிடும். 2008 சமயத்தில் ஸ்டான்போர்டில் இயந்திர எஞ்சினீரிங் மேல்படிப்பு மாணவர்கள் சிலர் இந்த ஜெய்ப்பூர் ஸ்தாபனத்துக்கென்று இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். எண்ணெய் ஊறிய நைலானில், ஒரே அச்சில் மடங்காமல் இயற்கை முழங்காலைப் போலப் பல அச்சில் மடங்கும் மூட்டு ஒன்றைச் சுமார் 20 டாலர் செலவில் செய்தார்கள். 2009ல் டைம் பத்திரிகை அதை அந்த வருடத்துச் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக எடுத்துக் காட்டிற்று. ஜெய்ப்பூர்க் கைவினைஞரின் பாதமும் கலிபோர்னியா மாணவரின் முழங்காலும் ஒரே மனிதன் உடம்பில் சேர்ந்து நடக்கின்றன. இதற்கு எந்த ஜாதி? எந்த தேசம்?

குழந்தையும் மெழுகும்

2007ல் அதே சர்வகலாசாலையில், பல இலாகா மாணவர்கள் சேர்ந்து படிக்கும் ஒரு வகுப்பில், குறைமாதக் குழந்தைகளுக்குச் சூடு கொடுக்கும் பெட்டியை மிக மலிவாகச் செய்யும்படி கேட்டார்கள். பெட்டியின் விலையோ சுமார் 20,000 டாலர். மாணவர்கள் காகிதத்தில் கணக்குப் போட்டு, அதில் எந்தெந்த உறுப்பைக் குறைக்கலாம் என்று பார்த்திருக்கலாம். ஆனால் அவர்களில் ஒருவர் நேபாளத்திற்கே போய் ஆஸ்பத்திரியைப் பார்த்தார். அங்கே தானமாக வந்த பெட்டிகள் காலியாகக் கிடந்தன! ஏனென்றால் குழந்தைகள் பிறப்பதும் குளிரில் சாவதும் மின்சாரமில்லாத தூரத்துக் கிராமங்களில். ஆஸ்பத்திரிப் பெட்டியை மலிவாக்கி என்ன பிரயோஜனம்? ஆகவே அவர்கள் பெட்டியையே விட்டுவிட்டு, குழந்தையைச் சுற்றும் ஒரு சிறு பை செய்தார்கள். அதில் மெழுகு போன்ற ஒரு வஸ்துவை உருக்கி வைத்தால், அது சில மணி நேரம் 37 டிகிரிச் சூட்டை விடாமல் கொடுக்கும். பிறகு அவர்கள் பெங்களூருக்கே வந்து தங்கி அதைத் தொழிலாக நடத்தினார்கள்.

அப்படி இந்தியாவில் சோதித்துப் பார்க்கையில், ஒரு கிராமத்துத் தாய், "இங்கிலீஷ் மருந்து கடுமையானது; டாக்டர் ஒரு கரண்டி சொன்னால் நான் அரைக் கரண்டிதான் கொடுப்பேன். இதில் 37 என்று போட்டிருந்தால் நான் 30க்குத்தான் வைப்பேன்" என்ற கருத்தில் சொன்னாளாம். நம்மில் சிலராயிருந்தால் "மூடஜனம்!" என்று தலையில் அடித்துக்கொண்டிருப்போம். அவர்கள் என்ன செய்தார்கள்? எண்ணையே எடுத்துவிட்டு, சூடு சரியாயிருக்கிறது, இல்லை என்று மாத்திரம் காட்டும்படி அடையாளத்தை மாற்றினார்கள். அறியாமையைத் திட்டுவது சுலபம். அறியாமையினால் குழந்தை சாகாதபடி சாமானைச் செய்வது கஷ்டம். பகுத்தறிவு என்றால் இரண்டாவதுதான். பிரசாரம் செய்கிற நாமும் இதில் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

ஆட்சேபணைகள்

இந்தப் படிப்பில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் அதற்குச் சம்பளம் ஏராளம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எட்டாது. படித்து வெளிவந்தவர்களில் அநேகர் பணக்காரனுக்கு இன்னொரு விளையாட்டுச் சாமான் செய்கிற கம்பெனிகளுக்குத்தான் போகிறார்கள். இருக்கிற சாமானைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுச் சாமான் வாங்கும்படி ஜனங்களை மயக்குவதும் இதே வித்தையால்தான். இன்னும் முக்கியமான ஆட்சேபணை என்னவென்றால், தேவையைத் தேடிக் கண்டுபிடிக்கிறவன் எவனோ அவனுடைய கண்ணுக்குத் தெரிந்த தேவைதான் தேவையாகும். அவன் கண்ணுக்குச் சில மனிதர்கள் மனிதராகவே தெரியாவிட்டால்?

இதற்கு நம் தேசத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டு 23ல் இந்தியா அனுப்பிய இயந்திரம் சந்திரனில் இறங்கிற்று. அதே தேசத்தில் சாக்கடைக் குழிக்குள் மனிதன் இறங்குவதும், விஷவாயுவில் சாவதும் நிற்கவில்லை. மலம் அள்ளச் செய்வதையும், தக்க பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் மனிதனை இறக்குவதையும் தடுத்து 2013ல் சட்டம் ஏற்பட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2023ல் அதை 30 லட்சமாக உயர்த்திற்று. நஷ்டஈடு உயர்ந்ததே ஒழியச் சாவு நிற்கவில்லை. சந்திரனில் இறங்கத் தெரிந்த மூளைக்கு, இருபதடிக் குழியில் இறங்கும் ஒரு கருவி செய்யத் தெரியாதா? தெரியும். செய்ய வேண்டும் என்று தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? குழியில் இறங்குகிறவன் ஒரு ஜாதி. டிராயிங் போடுகிறவன் இன்னொரு ஜாதி. டிராயிங் போடுகிறவனுடைய அண்ணனோ தம்பியோ மாமனோ மைத்துனனோ எவனும் அந்தக் குழியில் இறங்கினதில்லை. ஆகவே அவனுக்கு அது ஒரு கணக்காகவே படவில்லை. இதுதான் நாம் முதலில் சொன்ன, சாமானில் இருக்கும் ஜாதி.

2015ல் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழியில் இறங்கிய இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஓர் ஆட்டோ டிரைவரும் செத்தார்கள். அது கேரளத்து எஞ்சினீரிங் மாணவர் சிலருடைய மனதில் தைத்தது. அவர்கள் 2018ல், குழியின் வாய்மேல் நின்றுகொண்டு கையை உள்ளே நீட்டிக் கசடு வாரும் ஓர் இயந்திரத்தைத் திருவனந்தபுரத்தில் கொண்டுவந்து வேலைக்கு விட்டார்கள். அதன் உள்ளே கேமரா உண்டு. மேலே நிற்கிறவன் படத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். குழியில் இறங்கிவந்த தொழிலாளர்களுக்கே அதை ஓட்டப் பழக்கினார்கள். நேற்றுவரை "தோட்டி" என்று கூப்பிடப்பட்டவன் இன்று "ஆபரேட்டர்". மந்திரத்தால் ஆகாத தீட்டுக்கழிவு ஓர் இயந்திரத்தால் ஆயிற்று! ஆனால் ஓர் இயந்திரம் வந்ததனாலேயே வேலை தீர்ந்துவிடவில்லை. ஒவ்வொரு முனிசிபாலிடியும் அதை வாங்க வேண்டும். வாங்கியதை மூலையில் போடாமல் ஓட்ட வேண்டும். குறுகிய சந்துக்கும் பழைய குழிக்கும் ஏற்றபடி இன்னும் பல கருவிகள் செய்ய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே இப்படிப்பட்ட படிப்பில் நம் பிள்ளைகள் போய் உட்கார வேண்டும் என்பதுதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம் தேசத்திலும் இந்த மேல்படிப்பு உண்டு. பம்பாய் ஐ.ஐ.டி.யில் 1969லேயே தொழில் வடிவமைப்புக்கென்று ஒரு பிரிவு ஏற்பட்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் எஞ்சினீரிங் படித்தவர்கள் பொருள் வடிவமைப்பில் மேல்பட்டம் பெறலாம். ஆனால் மத்திய சர்க்கார் கல்வி ஸ்தாபனங்களில் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 27 சதவிகித இடம் என்பது 2006ம் வருடத்துச் சட்டத்தால்தான் வந்தது. அதுவரை யார் யோசித்தார்கள், யாருக்காக யோசித்தார்கள் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம். வகுப்புவாரி உரிமை என்று நாம் கேட்பது உத்தியோகத்துக்கும் சம்பளத்துக்கும் மாத்திரமல்ல. தேவையைக் கண்டுபிடிக்கிற கண் எல்லா வகுப்பிலிருந்தும் வர வேண்டும் என்பதற்காகவும்தான். கொல்லன் மகனுக்கு இரும்பு தெரியும். சக்கிலியன் என்று ஒதுக்கப்பட்டவன் மகனுக்குத் தோலும் காலும் தெரியும். ஆட்டுக்கல்லில் தோள் தேய்ந்தவளின் மகளுக்குச் சமையலறை தெரியும். இவர்களுக்குக் கணக்கும் சித்திரமும் சேர்ந்துவிட்டால், அமெரிக்காக்காரன் விமானம் ஏறி வந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது, இவர்களுக்கு வீட்டுத் திண்ணையிலேயே தெரிந்ததாயிருக்கும்.

ஆதலால் தாய் தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கடிகாரத்தைப் பிரித்துப் போட்டால் அடிக்காதீர்கள். மறுபடியும் பூட்டச் சொல்லுங்கள். பெண் குழந்தை சுத்தியலைத் தொட்டால் பிடுங்காதீர்கள். மதிற்சுவரில் கரி எடுத்துப் படம் போட்டால், காகிதமும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். ஜாதகம் பார்க்கிற காசில் அதற்குத் தாராளமாய் மிச்சமிருக்கும். பள்ளிக்கூடங்களில் பட்டறை இருக்கிறதா, இருந்தால் பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று உபாத்தியாயர்களைக் கேளுங்கள்.

காலேஜுக்குப் போக முடியாத தோழர்களுக்கும் இதில் வேலை உண்டு. உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், நீங்கள் தினமும் பிடிக்கிற ஒவ்வொரு சாமானையும் எடுத்து வைத்துக்கொண்டு, "இது ஏன் இப்படி இருக்கிறது? இதனால் யாருக்கு முதுகு வலிக்கிறது? யாருக்கு மானம் போகிறது? வேறு மாதிரி செய்தால் என்ன?" என்று கேளுங்கள். நம்முடைய இயக்கம் இதுவரை சாமியைப் பார்த்தும் சாஸ்திரத்தைப் பார்த்தும் "ஏன்?" என்று கேட்கச் சொல்லிற்று. அதே கேள்வியைக் கூடையையும் குழியையும் பார்த்துக் கேட்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது. மனிதன் செய்தது எதுவும் மாற்றக்கூடாததல்ல. ஜாதியும் மனிதன் செய்ததுதான். அதைச் செய்தவர்கள் யாருக்குச் சௌகரியமாகச் செய்தார்கள், யாருடைய தலையில் பாரத்தை வைத்தார்கள் என்று கண்டுகொண்டால், அதைப் பிரித்துப் போடுவதற்கும் கை தானே வரும்.

 யாருக்காவது சந்தேகமோ ஆட்சேபணையோ இருந்தால் தாராளமாய் எழுந்து கேட்கலாம்.